சோலைப் பாதையில் வெயிலைப் படம் எடுக்க: கொடைக்கானல் காட்டை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

காட்டுப் பாதையில் வெயில் இறங்குவதை நேரில் பார்க்கும்போது மனம் நிறைந்துவிடுகிறது. அதையே படமாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். இலைகளுக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள், மரத்தடியில் ஒரே கறுப்பு, பாதை இருக்கும் இடமே தெரியாது. கேமரா சரியில்லை என்று நினைத்து விலை கூடியதாக ஒன்றை வாங்கிக்கொண்டு போனாலும் அதே படம்தான் வருகிறது.

நம் கண் வெயில் பட்ட இலையைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும், நிழலில் கிடக்கும் வேரைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. நாம் அதை உணர்வதில்லை. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு படத்துக்கு ஒரே அளவு வெளிச்சம்தான். ஆகவே காட்டில் முதலில் பார்க்க வேண்டியது மரத்தையும் அல்ல, பாதையையும் அல்ல. வெயில் எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அது பிடிபட்டுவிட்டால் கைபேசியில்கூட நல்ல படம் எடுக்கலாம்.

எடுத்துக்காட்டுக்குக் கொடைக்கானலை வைத்துக்கொள்கிறேன். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரைச் சுற்றி இரண்டு வெவ்வேறு வகைக் காடுகள் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் கற்றது மற்றதில் பொருந்தாது என்பதால் கற்றுக்கொள்ள நல்ல இடம். மேகமலை, வால்பாறை, ஊட்டிப் பக்கம் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே உதவும்.

1. எந்தக் காடு என்று முடிவு செய்யுங்கள்

பைன் காடு எல்லோருக்கும் தெரிந்தது. நட்டு வளர்த்த மரங்கள். தூண் போன்ற நேரான தண்டுகள், கீழே புதர் அதிகம் இல்லை, தரை முழுக்கக் காய்ந்த ஊசி இலைகள். வெயில் நீள நீளமாக உள்ளே வருகிறது. மூடுபனி வந்தால் ஒளிக்கீற்று தெளிவாகத் தெரியும். பழகுகிறவர்களுக்கு இதுதான் சுலபம். ஆனால் பகலில் சுற்றுலாக் கூட்டம் அதிகம். காலையில் எப்போது உள்ளே விடுகிறார்கள் என்று முதல்நாளே விசாரித்துவிட்டு, திறந்ததும் போய்விடுங்கள்.

சோலை இந்த மலையின் சொந்தக் காடு. வட்டக்கானலிலிருந்து டால்பின்ஸ் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதையில் நடந்தவர்களுக்கு அதன் முகம் தெரியும்: பாதையின் குறுக்கே படிக்கட்டாய் ஓடும் வேர்கள், தண்டெல்லாம் பாசி, இடையிடையே பெரணி. மரங்கள் ரொம்ப உயரமில்லை, ஆனால் தலைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூரைபோல மூடியிருக்கும். வெயில் சின்னச் சின்ன இடைவெளி வழியாகத்தான் வரும். எடுப்பது கஷ்டம். எனக்குச் சோலைதான் பிடிக்கும். பல சோலை மரங்களின் தளிர் சிவப்பாக இருக்கும். பின்னாலிருந்து வெயில் பட்டால் அந்தச் சிவப்பு எரிகிற மாதிரி தெரியும். அதைப் பைன் காட்டில் பார்க்க முடியாது.

சோலைத் தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகளைக் கவனியுங்கள். இலை இடுக்குக்கு எந்த வடிவம் இருந்தாலும் பொட்டு வட்டமாக அல்லது நீள்வட்டமாகவே இருக்கும். ஒவ்வொரு சிறு இடுக்கும் ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்து, சூரியனின் பிம்பத்தையே தரையில் போடுகிறது. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று தமிழ்நாட்டு மரத்தடிகளில் பிறை பிறையாக வெளிச்சம் விழுந்தது இதனால்தான். இடுக்கு 15 மீட்டர் தொலைவில் இருந்தால் பொட்டின் அகலம் சுமார் 14 செ.மீ. இருக்கும். இது படத்துக்கும் உதவும் விஷயம். உயரமான கூரையிலிருந்து வரும் பொட்டு பெரிதாகவும் மங்கலாகவும் இருக்கும். தாழ்ந்த கிளையிலிருந்து வருவது சிறிதாகவும் பளிச்சென்றும் இருக்கும். பெரிய, மங்கலான பொட்டுகள் விழும் பாதை படத்தில் மென்மையாக வரும். சிறிய பளிச்சுப் பொட்டுகள் நிறைந்த பாதை கண்ணைக் குத்தும்.

2. சூரியனின் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நாம் படிக்கும் புகைப்பட அறிவுரைகளில் பாதி, குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே சூரியன் சாய்வாக ஏறுகிறது. பொன்வெயில் வெகுநேரம் நீடிக்கிறது. கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், மணிக்கு 13 முதல் 15 டிகிரி வரை. டிசம்பரில் லண்டனின் நண்பகல் சூரியன் சுமார் 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. நம் சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானாலே அதைத் தாண்டிவிடும். பொன்வெயில் நமக்கு அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது.

ஆனால் காட்டுக்குள் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த முதல் அரை மணி நேர வெயில் மரத்தலைகளில்தான் படும், பாதைக்கு இறங்காது. சூரியன் கூரையின் ஓரத்தைத் தாண்டி 15, 20 டிகிரி ஏறிய பிறகுதான் தரையில் வெளிச்சம் விழத் தொடங்கும். அதாவது காலை ஏழரையிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை. மாலையில் நான்கிலிருந்து ஐந்தரை வரை, மேற்கில் குன்று மறைக்காத இடங்களில் மட்டும்.

அடுத்து, திசை. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கை ஒட்டி, வடக்கிலிருந்து சுமார் 114 டிகிரியில் உதிக்கும். ஜூனில் 66 டிகிரியில், வடகிழக்குப் பக்கம். கிட்டத்தட்ட 50 டிகிரி வித்தியாசம். ஜனவரியில் நேராகப் பாதைக்குள் வெயில் நீளும் இடம், ஜூனில் பக்கவாட்டு நிழலாகிவிடும். வட்டக்கானல் பக்கச் சரிவுகள் தெற்கே பெரியகுளம் சமவெளியைப் பார்த்து இறங்குவதால் டிசம்பர், ஜனவரிக் காலைகள் அவற்றுக்கு ஏற்றவை. அந்த மாதங்களில் உச்சிவேளையில்கூட சூரியன் சுமார் 62 டிகிரிக்கு மேல் ஏறாது. நாள் முழுக்கச் சாய்வு வெயில்தான். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் தலைக்கு நேர் மேலே. அப்போது பதினொரு மணிக்கு மேல் கேமராவைப் பையில் வைத்துவிடலாம்.

சூரியன் எந்தத் தேதியில் எந்தத் திசையில் வரும் என்று காட்டும் இலவசச் செயலிகள் கைபேசியில் கிடைக்கின்றன. முதல்நாள் மாலை பாதையில் நின்று அடுத்த நாள் காலை எட்டு மணியைத் தட்டிப் பாருங்கள். எந்த வளைவில் வெயில் வரும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

3. அனுமதி, பாதுகாப்பு, பை

2024 மே மாதத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தில் வருகிறது. பொதுமக்களுக்கு அனுமதித்த பாதைகளைத் தவிர வேறெங்கும் வனத்துறையிடம் கேட்காமல் நுழையாதீர்கள். டிரோனும் அப்படியே.

காட்டுமாடு இங்கே ஊருக்குள்ளேயே நடமாடும். சாதுவாக மேய்கிறதே என்று கிட்டே போகக் கூடாது. பாதையில் நின்றால் சத்தம் போடாமல், முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். அது போகும்வரை காத்திருங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் அட்டை உண்டு. பேண்ட்டை நீளமான சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டு, கொஞ்சம் உப்பும் எடுத்துப் போங்கள்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். படம் நன்றாக வரும் என்பதற்காகப் பாதையை விட்டு இறங்கிப் பாசியையும் கன்றுகளையும் மிதிக்காதீர்கள்; குறுக்கே நீட்டும் கிளையை ஒடிக்காதீர்கள். சோலை மரம் மெதுவாக வளர்வது. கிளை மறைத்தால் நாம் நகர்ந்து நிற்கலாம்.

பையில் வேண்டியவை கொஞ்சம்தான். 24-70 மி.மீ. போன்ற ஒரு ஜூம் லென்ஸ் (எண் சிறியதானால் காட்சி அகலும், பெரியதானால் தொலைவு நெருங்கும்), முடிந்தால் 70-200, ஒரு போலரைசர் (லென்ஸுக்கு முன் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி), எடை குறைந்த டிரைபாட் (முக்காலி), லென்ஸ் துடைக்க இரண்டு மூன்று பருத்தித் துணிகள். மூடுபனியில் லென்ஸ் நிமிடத்துக்கு நிமிடம் நனையும், ஒரு துணி போதாது. குளிரிலிருந்து அறைக்குத் திரும்பியதும் கேமராவை உடனே வெளியே எடுக்காதீர்கள். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டால் உள்ளே நீர் கோக்காது.

4. கேமராவை எடுக்காமல் ஒருமுறை நடங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, அடிக்கடி திரும்பிப் பின்னாலும் பாருங்கள். போகும்போது சப்பென்று தெரிந்த வளைவு, திரும்பிப் பார்த்தால் எதிர்வெயிலில் மின்னும். தேட வேண்டியது மூன்று: வெயில் விழும் ஒரு இடம், அதற்குப் பின்னால் இருண்ட பின்னணி, அங்கே கண்ணைக் கூட்டிப் போகும் பாதை. மூன்றும் சேர்ந்த இடத்தில் நின்றுவிடுங்கள். ஒரு காலைக்கு அப்படி ஒரு இடம் போதும்.

5. நிற்கும் இடமும் கட்டமும்

கண் எப்போதும் படத்தில் மிக வெளிச்சமான இடத்துக்குத்தான் போகும். அந்த இடம் பாதையின் வளைவிலோ, பாதை மறையும் முனையிலோ இருந்தால் பார்ப்பவர் உள்ளே நடந்து போவார். ஓரத்தில் இருந்தால் படத்தை விட்டு வெளியே போய்விடுவார். அதனால் க்ளிக் செய்வதற்கு முன் நான்கு ஓரங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, அங்கே வெள்ளைத் திட்டு எதுவும் இல்லாதபடி நகருங்கள்.

பெரிய எதிரி வானம். இலைகளுக்கு நடுவே தெரியும் வெள்ளை வானத் துண்டுகள் எந்தச் சோலைப் படத்தையும் கெடுத்துவிடும். கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து மேல் விளிம்பை வெட்டுங்கள். அல்லது மேட்டில் ஏறி நின்று பாதையை மேலிருந்து பாருங்கள்.

வேர்கள் ஓடும் பாதை என்றால் முழங்கால் உயரத்துக்குக் குனிந்து 24 மி.மீ.யில் எடுங்கள். வேர் முன்னால் பெரிதாக நிற்கும், பாதை நீளும். பைன் காட்டில் நேர்மாறாகச் செய்யுங்கள். 70 முதல் 135 மி.மீ. வரை வைத்துத் தொலைவிலிருந்து எடுத்தால் தண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி, இடையில் வெளிச்சம் அடுக்கடுக்காகத் தெரியும். ஆரம்பிக்கிறவர்கள் எல்லாவற்றையும் அகன்ற கோணத்தில் எடுத்துவிடுகிறார்கள். காட்டில் நிறையச் சேர்க்கச் சேர்க்கக் குழப்பம்தான் மிஞ்சும்.

நீங்கள் நிழலில் நில்லுங்கள். வெயில் நேராக லென்ஸில் பட்டால் படம் முழுக்க வெளிறிப்போகும். ஒரு மரத்தின் நிழலில் லென்ஸை வைத்து, எதிரே வெயிலைப் பாருங்கள். நிழல் கிடைக்காவிட்டால் தொப்பியை லென்ஸுக்கு மேலே பிடித்துக்கொள்ளலாம்.

6. வெளிச்ச அளவு

ஒரு ஸ்டாப் குறைவது என்றால் வெளிச்சம் பாதியாவது. முழு வெயில் படும் இலைக்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறியது) என்றால் ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) சுமார் 1/1600 நொடி. அதே பாதையில் அடர்ந்த சோலை நிழல் ஆறேழு ஸ்டாப் குறைவாக இருப்பது சாதாரணம். ஆறு ஸ்டாப் என்றால் 64இல் ஒரு பங்கு. அதற்கு 1/25 நொடி வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் முழுதாகக் காட்ட முயன்றால் ஒன்று கெடும். எதைக் காப்பாற்றுவது என்று கேட்டால், எப்போதும் வெயிலை. நிழலைப் பிறகு ஓரளவு தூக்கலாம், வெளுத்துப்போன வெயிலை மீட்கவே முடியாது.

செய்முறை இதுதான். படத்தை ரா வடிவில் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) சேமிக்கும்படி வையுங்கள். அப்பர்ச்சர் முன்னுரிமை முறையில் (துளையை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) எஃப் 8, ஐஎஸ்ஓ 400, எக்ஸ்போஷர் ஈடு (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1 என்று தொடங்குங்கள். எடுத்த படத்தில் வெளுத்த இடம் மின்னிக் காட்டும் எச்சரிக்கையை இயக்கி வையுங்கள். பாதையில் விழும் வெயில் மின்னினால் மைனஸ் 1.3, மைனஸ் 1.7 என்று இறங்குங்கள். மரத்தலையில் ஒன்றிரண்டு இலை மின்னினால் விட்டுவிடலாம். பாதை மின்னக் கூடாது. திரையில் படம் இருட்டாகத் தெரியும், பயப்படாதீர்கள். காட்டுக்குள் இருட்டு இருப்பதுதான் உண்மை. அது இருந்தால்தான் வெயில் வெயிலாகத் தெரியும்.

மைனஸ் 2, 0, பிளஸ் 2 என்று மூன்று படங்கள் எடுத்துச் சேர்ப்பது உண்டு. டிரைபாடில், காற்றில்லாத காலையில் மட்டும் செய்யுங்கள். இலை ஆடினால் சேர்த்த படத்தில் பேய்போல இரட்டையாகத் தெரியும். இதைவிட நல்ல வழி, காத்திருப்பது. மெல்லிய மேகம் ஒன்று சூரியனைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில் வெயில் பாதியாய்த் தணியும், நிழல் கொஞ்சம் திறக்கும். அப்போது எடுத்த ஒரே படம் மூன்றைச் சேர்த்ததைவிட இயல்பாக இருக்கும்.

7. ஒளிக்கீற்று வேண்டுமென்றால்

கீற்று தெரிய வெயிலோடு காற்றில் நீர்த்துளிகளும் வேண்டும். கொடைக்கானலில் விடிகாலையில் வானம் துடைத்தது போல இருக்கும் நாட்கள் அதிகம். சமவெளி சூடாகி, அந்தக் காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாவது முற்பகலுக்கு மேல்தான். அதனால் தெற்குச் சரிவுகளில் கீற்று தேடுகிறவர்கள் ஒன்பது மணிக்கே கிளம்பிவிடாமல் பதினொன்று வரை காத்திருங்கள். மேகம் முழுதாக மூடும் முன்பும், கலையத் தொடங்கும்போதும் கீற்று வரும். இரவு மழை பெய்து காலையில் வெயில் அடித்தால் எந்தக் காட்டிலும் ஈரம் ஆவியாக எழும். அந்த நாளை விட்டுவிடாதீர்கள்.

நீர்த்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கின்றன. அதாவது சூரியனைப் பார்த்து நின்றால்தான் கீற்று பளிச்சென்று தெரியும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் அநேகமாகத் தெரியாது. சூரியனை ஒரு தண்டுக்குப் பின்னால் மறைத்து அரை அடி இப்படி அப்படி நகர்ந்து பாருங்கள். கீற்றுகள் அந்தத் தண்டிலிருந்து விசிறியாய் விரியும்.

தண்டின் ஓரத்தில் சூரியனைத் துளி எட்டிப்பார்க்கவிட்டு எஃப் 16 வைத்தால் நட்சத்திரம் போலக் கதிர் விரியும். லென்ஸின் அப்பர்ச்சர் இதழ்கள் ஒற்றைப்படையாக இருந்தால் கதிர்கள் இரு மடங்காகும்: 9 இதழுக்கு 18 கதிர். இரட்டைப்படை என்றால் அதே எண்ணிக்கை. ஒருமுறை செய்து பார்க்க நன்றாக இருக்கும். எல்லாப் படத்திலும் வேண்டாம். சூரியனைக் கண்ணாடி வியூஃபைண்டர் வழியாக நேரே பார்க்காதீர்கள், திரையில் பார்த்து எடுங்கள்.

8. கூர்மை, நிறம்

24 மி.மீ. லென்ஸில் எஃப் 11 வைத்து, முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) சுமார் 1.8 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை தெளிவாக இருக்கும். அதைவிடச் சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவில் 16 மி.மீ., எஃப் 8 வைத்தாலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். வேர் முன்னால் வரும் படங்களுக்கு இது போதும். இலை ஆடினால் ஷட்டரை 1/125க்குக் கீழே விடாதீர்கள். ஐஎஸ்ஓவை 1600 வரை தாராளமாக ஏற்றலாம். கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைப் பார்க்கலாம், கலங்கிய படத்தைப் பார்க்க முடியாது.

ஒயிட் பேலன்ஸை (நிறத்தைச் சமன் செய்யும் அமைப்பு) தானியங்கியில் விட்டால், வெயிலின் மஞ்சளையும் சோலையின் பச்சையையும் தப்பு என்று நினைத்துக் கேமரா அகற்றப் பார்க்கும். பகல்வெயில் அமைப்பில், சுமார் 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள். வெயில் மஞ்சளாகவும் நிழல் நீலம் கலந்தும் இருக்கும். அந்த வித்தியாசம்தான் படத்துக்கு உயிர்.

போலரைசர் வானத்துக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். காட்டில் அதன் வேலை இலைப் பளபளப்பை நீக்குவது. சோலை இலைகள் தடித்து மெழுகு பூசியது போல இருப்பதால் ஈரத்தில் வெள்ளையாய் மின்னும். வளையத்தைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பச்சை வரும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் என்பதை நினைவில் வையுங்கள். முழுதாக நீக்கினால் பாதையின் ஈர மினுமினுப்பும் போய்விடும், பாதித் திருப்பலில் நிறுத்துங்கள்.

9. கைபேசியில் எடுப்பவர்களுக்கு

வெயில் விழும் இடத்தைத் திரையில் தொட்டு அழுத்திப் பூட்டுங்கள். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெயில் திட்டில் இலை, மண் தெரியும்வரை இருட்டாக்குங்கள். அவ்வளவுதான் முக்கியம். எச்டிஆர் தானாகவே பல படங்களைச் சேர்த்து நிழலை அளவுக்கு மீறித் தூக்கும். ரா அல்லது புரோ முறை இருந்தால் அதில் எடுங்கள். அகன்ற கோண லென்ஸைவிட முதன்மை லென்ஸ் எப்போதும் தேவலை. எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள். எதிர்வெயிலில் ஒரு விரல்ரேகை போதும், படம் மங்கிவிடும்.

10. திருத்துவது

திருத்தும் மென்பொருளில் முதலில் ஹைலைட்டை (மிக வெளிச்சமான பகுதிகளை) கொஞ்சம் இறக்குங்கள். நிழலை 15, 20க்கு மேல் தூக்காதீர்கள். பச்சையின் செறிவைக் கூட்ட வேண்டும் என்று கை துடிக்கும். மாறாகக் குறையுங்கள், சாயலை ஒரு நூல் மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள். அப்போதுதான் சோலையின் பலவகைப் பச்சைகள் தனித்தனியாகத் தெரியும். பிரஷ் கருவியால் பாதையின் மேல் மட்டும் கால் ஸ்டாப் வெளிச்சம் கூட்டி, ஓரங்களில் கால் ஸ்டாப் குறைக்கலாம்.

ஒரு தட்டலில் ஒளிக்கீற்றை ஒட்டித்தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. தயவுசெய்து வேண்டாம். காட்டில் நடந்து பழகியவர்களுக்கு நிழல் ஒரு பக்கமும் கீற்று வேறு பக்கமும் போவது உடனே தெரியும். அதைவிட, மேகத்துக்காகக் காத்திருந்து கீற்று எடுத்தவரின் படத்தையும் யாரும் நம்பாத நிலை வந்துவிடுகிறது.

அச்சுப் போடுவதாக இருந்தால் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுத் திருத்துங்கள். பளிச்சென்ற திரையில் சரியாகத் தெரியும் சோலை, தாளில் இருட்டாக வரும். மேட் தாள் நிழலின் ஆழத்தை மேலும் மங்கச் செய்யும், அதனால் வேர், பாசி நிறைந்த படத்துக்குப் பளபளப்புக் குறைந்த லஸ்டர் தாள் பொருத்தம். மூடுபனிப் பைன் படம் மேட் தாளில்தான் அழகு. எட்டுக்குப் பத்து அங்குல அளவில் ஒரு சோதனைப் பிரதி போட்டு, பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் பாருங்கள். வேரின் நிழலில் பாசி தெரியாவிட்டால் நிழலை மட்டும் கால் ஸ்டாப் தூக்கி, இன்னொரு பிரதி போடுங்கள்.